கொள்கை ஆய்வு அமைப்பு தொடங்கப் போகிறீர்களா? பத்திரம் எழுதும் முன் படியுங்கள்

2022இல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து திருச்சியில் ஒரு சிறிய பொதுக்கொள்கை ஆய்வு அமைப்பைத் தொடங்கினோம். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்களின் கூலி, பிடித்தம், பணிப் பாதுகாப்பு ஆகியவைதான் எங்கள் களம். ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள் இருந்தோம். அமைப்பு நடத்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நாலைந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய பதிவு வேலைகள் பதினான்கு மாதம் இழுத்தன. அலுவலகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான தாமதம் நாங்களே வரவழைத்துக்கொண்டது. எங்கள் நோக்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்ததுதான் பெரிய காரணம்.

'திங்க் டேங்க்' என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு அறை, ஒரு அச்சு இயந்திரம், உருப்படியான மூன்று பேர் போதும். ஆனால் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும்.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'சமத்துவ சமுதாயம் படைப்பது' என்று எழுதாதீர்கள். அது எல்லா அமைப்பின் பலகையிலும் இருக்கிறது. யாரைப் பற்றி ஆராய்வீர்கள், எந்த நிலப்பரப்பில், முடிவை யாரிடம் கொடுப்பீர்கள் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். எங்கள் வாக்கியம் கடைசியில் இப்படி வந்து நின்றது: 'தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பணிபுரியும் தொழிலாளர்களின் கூலி, உடல்நலம், பணி உரிமை குறித்து ஆய்வு செய்து, முடிவுகளைத் தமிழில் இலவசமாக வெளியிட்டு, அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பரிந்துரை அளிப்பது.' இதற்கு ஐந்து கூட்டம் ஆனது.

முதலில் 'தூய்மைப் பணியாளர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தோம். நாளைக்குக் குடிநீர் வாரிய ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றி எழுத வேண்டுமானால் பத்திரத்தையே திருத்த வேண்டிவரும் என்று ஆடிட்டர் சொன்ன பிறகுதான் விரித்தோம். அதற்காக 'மனித குலத்தின் அனைத்துப் பிரச்சினைகளும்' என்றும் போய்விடாதீர்கள்.

2. ஒவ்வொரு விழுமியத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நாங்களும் தாண்டினோம். நேர்மை, சுதந்திரம், சமூக நீதி, வெளிப்படைத்தன்மை என்று நான்கு சொற்களை வெள்ளைப் பலகையில் எழுதிப் படம் எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

எட்டாவது மாதம் ஒருவர் வந்தார். 2 லட்சம் ரூபாய் நன்கொடை தருவதாகச் சொன்னார். விசாரித்தால், நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு ஊரின் குப்பை ஒப்பந்தம் அவருடைய மைத்துனர் கையில். கணக்கில் அப்போது 11,000 ரூபாய்தான் இருந்தது. வாங்கலாமா கூடாதா என்று மூன்று வாரம் சண்டை. வாங்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் ஒருவர் விலகிப் போனார். முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு சொற்களை அழித்துவிட்டு விதிகளாக எழுதினோம்.

பணம்: ஆய்வுக்கு உட்பட்டவரிடமும் அவர் குடும்பத்திடமும் வாங்குவதில்லை. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர் பெயர் ஆண்டறிக்கையில் வரும். அதற்குச் சம்மதிக்காதவரின் பணம் வேண்டாம். பணம் கொடுத்தவர் வரைவைப் பார்க்கக் கேட்டால் ஏழு நாள் அவகாசம், தகவல் பிழையை மட்டும் சுட்டலாம், முடிவில் கை வைக்க முடியாது.

கூலி: களப்பணிக்கு வரும் மாணவருக்குச் சம்பளம் உண்டு. இந்த விதி வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. கூலி மறுக்கப்படுவதைப் பற்றிய கணக்கெடுப்புக்கு இரண்டு மாதம் ஆறு கல்லூரி மாணவர்களைப் 'பயிற்சி' என்று சொல்லிச் சும்மா அலைய விட்டிருந்தோம். மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவிதான் கேட்டார்: "அண்ணா, எங்களுக்கு மினிமம் வேஜ் கிடையாதா?"

கட்சி: உறுப்பினராக இருக்கலாம், பொறுப்பில் இருப்பவர் அறங்காவலராக முடியாது. இதற்கும் முணுமுணுப்பு வந்தது. முற்போக்கு என்று சொல்லிக்கொண்டு நடுநிலை வேடமா என்றார் ஒரு தோழர். நாங்கள் நடுநிலை இல்லை. உழைப்பவர் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கூலிப் பட்டியல் கூலிப் பட்டியல்தான்.

தரவு: எங்கள் துறையில் சாதி என்ற பத்தி இல்லாத அட்டவணை பொய் சொல்லும். எனவே சாதி, பாலினம் இரண்டும் இல்லாத அட்டவணையை வெளியிடுவதில்லை. பேட்டி கொடுத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தனிக் கோப்பில், இருவர் கையில் மட்டும். ஒருவர் பெயர் வெளியே கசிந்தால் மறுநாள் அவர் வேலை போகும். இது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த விதிகளைப் பத்திரத்துக்குள் போடாதீர்கள். தனித் தாளில் எழுதி, அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, மினிட் புத்தகத்தில் ஒட்டுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் இன்னொரு தீர்மானம் போதும்.

3. அறக்கட்டளையா, சங்கமா, செக்‌ஷன் 8 கம்பெனியா?

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. ஆண்டுதோறும் பொதுக்குழு, அதன் விவரத் தாக்கல். ஜனநாயகமான வடிவம்தான். ஆனால் உறுப்பினர் சேர்க்கை வழியாக ஒரு கூட்டம் உள்ளே வந்து அமைப்பையே எடுத்துக்கொண்டு போன கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு.

செக்‌ஷன் 8 கம்பெனி, கம்பெனிகள் சட்டம், 2013இன் கீழ் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி. இரண்டு இயக்குநர் போதும். பெரிய நன்கொடை நிறுவனங்கள் இதைத்தான் விரும்புகின்றன. ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஆண்டுத் தணிக்கையும் தாக்கல்களும் தவறக் கூடாது. தவறினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும்.

அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் பதிவாகும். நாங்கள் எடுத்தது இதை. உள்ளூர் நன்கொடையில் நடத்தப்போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். முதல் நாளிலிருந்தே பெரிய நிதி பேசி வைத்திருப்பவர்கள் கம்பெனிக்குப் போங்கள்.

4. பத்திரத்தை எடுத்த எடுப்பில் எழுத்தரிடம் விடாதீர்கள்

எங்கள் பத்திரத்தை எழுதியவர் அனுபவசாலி. 5,000 ரூபாய் கூலி. அரை மணி நேரத்தில் பத்துப் பக்கம் வந்துவிட்டது. நாங்களும் பெயர், முகவரி, ஆதார் எண் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். நான்கு மாதம் கழித்து வருமான வரித் துறையிலிருந்து வினா வந்தபோதுதான் நோக்கங்கள் பகுதியை உட்கார்ந்து படித்தோம். கோயில் திருப்பணி, கோசாலை, திருமண மண்டபம் கட்டுதல், ஏழைப் பெண்களுக்குத் தாலி வழங்குதல் என்று இருபத்திரண்டு நோக்கம். 'ஆய்வு' என்ற சொல் பத்தொன்பதாவது வரியில், 'மூலிகை ஆய்வு' என்று இருந்தது.

திருத்தப் பத்திரம், மறுபடி எல்லோரும் ஒரே நாளில் லீவு, மறுபடி கட்டணம். பதிவு வாங்கிய பிறகு நோக்கத்தை மாற்றினால் இன்னும் சிக்கல்: 30 நாளுக்குள் வரித் துறையிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் நோக்கங்கள் பகுதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். படி 1இல் எழுதிய வாக்கியம்தான் முதல் நோக்கம், எழுத்து மாறாமல்.

கூடவே பத்திரத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை: இது பொது அறக்கட்டளை, திரும்பப் பெற முடியாதது, வருமானம் இந்தியாவுக்குள் மட்டுமே செலவாகும், நிறுவியவருக்கோ அறங்காவலருக்கோ உறவினருக்கோ ஆதாயம் போகாது, கலைத்தால் சொத்து இதே போன்ற வேறு அறக்கட்டளைக்குப் போகும், பத்திரத்தைத் திருத்தும் முறை என்ன. கலைப்பு விதி இல்லாமல் வரித் துறையிடம் போனால் திரும்பி வருவீர்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ என்று எழுதினால் வரிவிலக்கு போய்விடும். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்று எழுதுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 'தலித்' என்ற சொல்லை எழுதவே கூடாது என்று எங்களைப் பயமுறுத்தினார்கள்; 'பட்டியல் சாதியினர்' என்று சட்டச் சொல்லில் எழுதினோம், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. 'தேர்தல்', 'ஆட்சி மாற்றம்' போன்றவை நோக்கப் பகுதியில் வேண்டாம். 'அணிதிரட்டுதல்' என்ற சொல்லுக்காக ஒரு மாலை முழுக்க வாதாடினேன், தோற்றேன். இன்றைக்கு யோசித்தால் தோற்றது நல்லதுதான்.

பெயரிலும் ஒரு வலை உண்டு. அமைப்பின் பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பத்திரத்திலேயே குறித்துவிடுங்கள். எங்கள் பான் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டு, வங்கியில் இன்னொன்று. அதைச் சரிசெய்ய மட்டும் ஏழு வாரம். அரசு அமைப்பு போலத் தோன்றும் 'தேசிய', 'ஆணையம்' போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள்.

5. பதிவு நாளன்று கையில் இருக்க வேண்டியவை

எல்லா அறங்காவலர்களும் நேரில். இரண்டு சாட்சிகள். அனைவரின் ஆதார், பான் அசலும் நகலும், புகைப்படம். அலுவலக முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் தடையின்மைக் கடிதம், சமீபத்திய மின் கட்டண ரசீது. அந்த ரசீது வீட்டு உரிமையாளரின் காலமான அப்பா பெயரில் இருக்கும், எங்களுக்கு இருந்தது. சொத்து வரி ரசீதையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. போன வருடம் பதிவு செய்த நண்பர் சொல்லும் தொகையை நம்பாமல் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். டோக்கனும் அதிலேயே போட வேண்டும். தொடக்க நிதியாக நாங்கள் 5,000 ரூபாய் காட்டினோம். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். வரித் துறை எங்களிடம் கேட்டது.

6. பான், வங்கிக் கணக்கு

அறக்கட்டளையின் பெயரில் தனிப் பான். நாங்கள் விண்ணப்பித்தபோது 107 ரூபாய். பன்னிரண்டு நாளில் வந்தது. வங்கிக்குப் பத்திரம், பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், எல்லா அறங்காவலரின் அடையாள ஆவணம். இருவர் சேர்ந்து கையெழுத்திடும் ஏற்பாடாக வையுங்கள். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் வந்த நன்கொடையை ஒருவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்தார், 18,000 ரூபாய். அதைக் கணக்கில் கொண்டுவர ஆடிட்டர் பட்ட பாட்டைப் பார்த்தவன் சொல்கிறேன்: கணக்கு திறக்கும் வரை ஒரு பைசா வாங்காதீர்கள்.

7. 12ஏ, 80ஜி

12ஏ என்பது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி என்பது நன்கொடையாளருக்குக் கிடைக்கும் கழிவு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்கள்தான்.

முதலில் கிடைப்பது மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவு. இதற்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. எங்கள் ஆடிட்டர் இரண்டுக்கும் சேர்த்து 15,000 வாங்கினார். மூன்று வாரத்தில் வந்தது. இங்கேதான் பெரிய பொறி. மூன்று வருடம் இருக்கிறதே என்று தூங்கிவிடக் கூடாது. வேலையைத் தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அதிகாரி நிஜமாகவே படிக்கிறார். செய்த வேலைக்குச் சான்று, செலவு ரசீது, புகைப்படம், கூட்டப் பதிவு எல்லாம் கேட்பார். நோக்கத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. ஒரு நோக்கத்தை எழுதிவிட்டு வேறொரு வேலை செய்திருந்தால் இங்கே மாட்டுவீர்கள்.

கொள்கை ஆய்வு பெரும்பாலும் 'பொதுப் பயன்பாட்டு நோக்கம்' என்ற வகையில் வைக்கப்படுகிறது. இந்த வகைக்கு ஒரு வரம்பு உண்டு: கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வரவு, மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை இறுக்கிப் பிடித்தது. ஆகவே 'ஆலோசனைக் கட்டணம் வாங்கி அமைப்பை ஓட்டுவோம்' என்ற திட்டம் இருந்தால் ஆடிட்டரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. 80ஜி கிடைத்ததும் நன்கொடை கொட்டும் என்று நினைத்தோம். புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது, அந்த முறைதான் இப்போது இயல்பான தேர்வு. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. உண்டியல் குலுக்குவது நம் ஊர் முற்போக்காளர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் பெயர் தெரியாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் (மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம், எது அதிகமோ அது) தாண்டியதற்கு 30 விழுக்காடு வரி. ரசீதுப் புத்தகம் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள்.

8. தர்பன், சிஎஸ்ஆர், வெளிநாட்டு நிதி

தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் பதிவுத் தளம் என்ஜிஓ தர்பன். அதன் எண் இலவசம். வாங்கி வையுங்கள், எல்லா விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு சிஎஸ்ஆர்-1 படிவம் வேண்டும், 12ஏவும் 80ஜியும் வேண்டும், மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒப்பந்தத் தொழிலாளர் கூலியை ஆராய எந்தக் கம்பெனியும் வரிசையில் நிற்கவில்லை.

வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. 'அரசியல் தன்மை கொண்ட அமைப்பு' என்று கருதப்பட்டால் பதிவே கிடைக்காது; பொதுப் பிரச்சினைக்குக் குரல் கொடுப்பது மட்டுமே அரசியல் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லியிருக்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல். 1973இல் தொடங்கிய டெல்லியின் கொள்கை ஆய்வு மையத்துக்கே 2024 ஜனவரியில் இந்த உரிமம் ரத்தானது. சிறிய அமைப்புகள் இதை நம்பிச் சம்பளக் கணக்குப் போடக் கூடாது என்பது என் கருத்து. விசேஷத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரியப்பா மகன், அங்கே குடியுரிமை வாங்கியவர், ஆசையாக 10,000 ரூபாய் நீட்டினாலும் அது வெளிநாட்டு நிதிதான். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

9. ஆண்டுக்கு மூன்று தேதி

மே 31: நன்கொடையாளர் விவரத் தாக்கல். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை. அக்டோபர் 31: வருமான வரிக் கணக்கு. வந்த வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பதால் மார்ச் மாதம் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

10. முதல் அறிக்கை

பதிவு வேலை ஒரு பக்கம் ஓடட்டும், ஆய்வை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையோடும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். மாநில பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். உங்கள் பரிந்துரை டிசம்பருக்குள் அதிகாரி மேசையில் இருந்தால்தான் பயன்; ஏப்ரலில் கொண்டுபோய்க் கொடுத்த எங்கள் முதல் அறிக்கைக்கு ஒரு டீ கிடைத்தது.

மீதித் தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். அமைப்பின் லெட்டர்ஹெட்டில் கேட்காதீர்கள். இந்த உரிமை குடிமக்களுக்கானது என்று திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும். உங்கள் சொந்தப் பெயரில், வெள்ளைத் தாளில் எழுதுங்கள். 'கூலி சரியாகக் கொடுக்கிறீர்களா' என்று கேட்டால் 'ஆம்' என்று ஒரு வரியில் பதில் வரும். ஒப்பந்தப் பத்திரத்தின் நகல், ஒப்பந்ததாரர் கொடுத்த பி.எஃப். செலான் நகல், மாவட்ட ஆட்சியர் அந்த ஆண்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணையின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள், பதில் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். தேதி எது என்று தகராறு வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தபால் முத்திரை மட்டும்தான்.